1500 சிசியா, 1800 சிசியா, 1000 டேர்போவா? அஞ்சு பேர் போற குடும்பக் காருக்கு எது சரி?

இணுவில் தகப்பன்
சனி, காலை 6.50

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல் தரம்.

வீட்டிலை நாங்கள் அஞ்சு பேர். நானும் மனுசியும், பதினாலு வயசிலை மகள், ஒன்பது வயசிலை மகன், அம்மா. அம்மாவுக்கு 73 வயசு, ரெண்டு முழங்காலும் ஏலாது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கொழும்பிலை கிளினிக். ரயிலிலை ஏத்தி இறக்கிறது இனிச் சரிவராது. போன தரம் படியிலை ஏறேக்கை அவ அழுதிட்டா. இப்ப இருக்கிற 800 சிசி குட்டிக் காரிலை அஞ்சு பேரும் சாமானுமாப் போகேலாது.

ஆனபடியால் ஒரு நடுத்தர செடான் பாக்கிறன். கையிலை இருக்கிற காசுக்கு மூண்டு தெரிவு வருது. ரொயோட்டா பிறீமியோ அல்லது அலியன் 1500. அதே கார் 1800. இல்லாட்டி 2018 ஹொண்டா சிவிக் 1000 சிசி டேர்போ, அதாவது காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ளை விடுறது. கனடாவிலை இருக்கிற மச்சான் 1800க்குக் குறைய எடுக்காதை எண்டுறார். பக்கத்து வீட்டு ஐயா யாழ்ப்பாணத்திலை மலையா இருக்கு, 1500 காணும் எண்டுறார். ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொல்லுகினம், எனக்குத்தான் முடிவெடுக்க ஏலாமல் கிடக்கு. ஓடின ஆக்கள் சொல்லுங்கோ.


கோப்பாய் வாத்தியார்
சனி, காலை 7.25

1500 காணும். நான் ஒன்பது வருசமா அக்சியோ 1500 ஓடுறன், ஒரு குறையும் இல்லை. நகரத்துக்கு வெளியிலை சட்டப்படி வேகம் 70தான். அதுக்கு ஏன் பெரிய எஞ்சின்? மிச்சக் காசைப் பிள்ளையளின்ரை படிப்புக்கு வையுங்கோ.


ஏ9 ஓட்டுநர்
சனி, காலை 9.10

வாத்தியார் சொல்லுற 70 சரிதான். ஆனால் பிரச்சினை 70இலை ஓடுறதிலை இல்லை, 40இலையிருந்து 70க்கு வாறதிலை இருக்கு.

நான் பதினொரு வருசமா ஏ9 பாதையாலை யாழ்ப்பாணம் கொழும்பு ஹயர் ஓடுறன், 1500உம் ஓடினனான், 1800உம் ஓடினனான். மாங்குளம் தாண்டினால் கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை மட்டும் ரெண்டு வழிப் பாதைதான். முன்னாலை சீமெந்து ஏத்தின லொறி 40இலை போகுது. பின்னாலை பஸ் கோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்குது. எதிர்ப் பக்கம் ஒரு இடைவெளி கிடைக்குது, அது எவ்வளவு நேரம் எண்டு உங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் அக்சிலேற்றரை மிதிச்சால் கார் போகோணும், யோசிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது.

தனிய ஓடேக்கை 1500 வடிவாப் போகும். அஞ்சு பேரை ஏத்தி, டிக்கியிலை பாயும் சூட்கேசும் மாம்பழப் பெட்டியும் வைச்சு, ஏசியையும் போட்டால் அது வேறை கார். எஞ்சின் சத்தம்தான் கூடும், கார் அதே அளவுக்குக் கூடாது. 1500இலை முந்துறதெண்டால் நான் முன்னமே திட்டம் போட்டுத்தான் முந்துவன். 1800இலை அந்த யோசனை குறைவு. இரவிலை ஏழு மணித்தியாலம் ஓடுற ஆளுக்கு அந்தக் குறைஞ்ச யோசனை பெரிய விசயம்.

வாத்தியார், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கோப்பாயிலையிருந்து ரவுணுக்கு ஓடுறியள் எண்டு நினைக்கிறன்.


கோப்பாய் வாத்தியார்
சனி, காலை 9.40

குறை ஒண்டும் இல்லை தம்பி. ஓம், வருசத்திலை ஒருக்காத்தான் வவுனியா தாண்டுறனான். அதுவும் நானும் மனுசியும் மட்டும். நீங்கள் சொல்லுறதைக் கவனத்திலை எடுக்கிறன்.


கல்வியங்காடு கராச்
சனி, பின்னேரம் 6.30

தம்பி, முதல் சிசியையும் வலுவையும் ஒண்டெண்டு நினைக்கிறதை விடுங்கோ. சிசி எண்டது சிலிண்டருக்குள்ளை இருக்கிற இடத்தின்ரை அளவுதான்.

எங்கடை ஆக்களுக்கு ஒஸ்ரின் ஏ40 தெரியாமல் இராது. அது 1200 சிசி, வலு 40 குதிரைவலு. நீங்கள் கேட்ட சிவிக் டேர்போ 988 சிசி, மூண்டு சிலிண்டர். அதின்ரை வலு ஏறத்தாழ 127 குதிரைவலு. சிசி குறைவு, வலு மூண்டு மடங்கு.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போகேக்கை அந்த ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயிலை ஓட்டினம். நான் அப்ப பெடியன், அப்பாவின்ரை கராச்சிலை நிக்கிறனான். ஊசி மருந்து ஏத்துற சிறிஞ்சாலை காபரேற்றருக்குள்ளை கொஞ்சப் பெற்றோல் அடிச்சு, எஞ்சினைப் பத்தவைச்சு, சூடு பிடிச்சாப்பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கிறது. புகை கண்ணை எரிக்கும், ஆனால் ஓடும். ஏன் ஓடினது? சிலிண்டருக்குள்ளை காத்தும் எரிபொருளும் அமுக்குப்படுற அமுக்கம் ஏழுக்கு ஒண்டு அளவுதான். இப்ப வாற எஞ்சினிலை அது பத்தையும் தாண்டும். அமுக்கம் கூடக் கூட, அதே சிசியிலையிருந்து கூட வலு எடுக்கலாம். ஆனால் எரிபொருள் சரியில்லாட்டி எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்தக் காலத்து எஞ்சின் எதையும் குடிச்சுது. இப்பத்தையான் குடிக்காது.

இப்ப உங்கடை மூண்டுக்கும் வாறன். பிறீமியோ 1500க்கு வலு 109, முறுக்குவிசை, அதாவது இழுவை, 140 நியூட்டன் மீற்றர் அளவு. அது முழுசா வர எஞ்சின் நிமிசத்துக்கு 4400 சுத்து சுத்தோணும். 2010க்குப் பிறகு வந்த 1800க்கு வலு 143, முறுக்குவிசை 170 தாண்டும். சிவிக் டேர்போவுக்கு 180, அது 1700 சுத்திலையே வந்திடும். ஏ9 தம்பி சொன்ன அந்த 40இலையிருந்து 70க்குப் போற நேரம், கீழ்ச் சுத்திலை இழுவை இருக்கிற எஞ்சின்தான் கை குடுக்கும்.

பாரத்தையும் பாருங்கோ. வெறுங்கார் ஏறத்தாழ 1200 கிலோ. ஓட்டுறவர் மட்டும் எண்டால் 1270. அஞ்சு பேரும் சாமானும் ஏறினால் 1600. அதே எஞ்சின் அதே வேகத்துக்கு வர, நாலிலை ஒரு பங்கு நேரம் கூட எடுக்கும். அதுக்கு மேலை ஏசி கொம்பிறசர் நாலஞ்சு குதிரைவலு சாப்பிடும். எங்கடை வெயிலிலை ஏசி போடாமல் உங்கடை அம்மாவைக் கொண்டு போகேலாது.

அதாலை, காசு இடம் குடுத்தால் 1800. ஆனால் அதுக்கு முதல் இன்னொண்டு இருக்கு. பிறீமியோ, அலியன் உற்பத்தி 2021இலை நிண்டுட்டுது. இஞ்சை 2020 பங்குனியிலையிருந்து இறக்குமதி நிப்பாட்டி, 2025 மாசியிலைதான் திறந்தவை. அதுவும் மூண்டு வருசத்துக்குள்ளை உள்ள காருக்கு மட்டும். ஆனபடியால் இஞ்சை ஓடுற எல்லா பிறீமியோவும் பழசு. பழைய காரிலை சிசியைவிட அதை வைச்சிருந்த ஆளின்ரை கை முக்கியம். நல்லா வைச்சிருந்த 1500, கெட்ட 1800ஐவிட நூறு மடங்கு நல்லது.


இணுவில் தகப்பன்
சனி, இரவு 8.05

அண்ணை, கோடி நன்றி. இவ்வளவு விளக்கமா எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

டேர்போவைப் பற்றி ஒரு பயம். மூண்டு சிலிண்டர், சின்ன எஞ்சின், எங்கடை சூட்டுக்கு நிண்டு பிடிக்குமோ?


கல்வியங்காடு கராச்
சனி, இரவு 9.20

நிண்டு பிடிக்கும், ஆனால் கவனிப்புக் கேக்கும். அந்த எஞ்சினிலை ரைமிங் பெல்ற் ஒயிலுக்குள்ளைதான் ஓடுது. பிழையான ஒயில் ஊத்தினாலோ, மாத்தாமல் விட்டாலோ பெல்ற் பழுதாகி அதின்ரை துண்டு ஒயில் வழியளை அடைக்கும். ரொயோட்டாவின்ரை 1500க்கும் 1800க்கும் பெல்ற்றுக்குப் பதிலாச் செயின், அந்தப் பிரச்சினை இல்லை. டேர்போ எஞ்சினுக்கு 95 ஒக்ரேன் பெற்றோல் அடிக்கிறது நல்லது. ஜப்பானிலை சாதாரணப் பெற்றோலே 90 அளவுதான், ஆனபடியால் அங்கை ஓட எண்டு செய்த ரொயோட்டாவுக்கு எங்கடை 92 தாராளம்.

உங்களைப் போல ஒரு சம்பளத்திலை பத்து வருசத்துக்கு வைச்சிருக்கப்போற ஆளுக்கு, பழைய டேர்போவை நான் மனசறிஞ்சு சொல்லமாட்டன். புதுசா எடுக்கிற ஆள் எண்டால் கதை வேறை.


நீர்வேலி அக்கா
ஞாயிறு, காலை 8.15

நான் கணக்குப் பக்கம் வாறன். எங்கடை வீட்டிலை அலியன் 1500, தம்பி வீட்டிலை 1800. ரெண்டு பேரும் பெற்றோல் அடிக்கிறதைக் கொப்பியிலை எழுதுறனாங்கள்.

1500: ரவுணுக்குள்ளை லீற்றருக்கு 11 கிலோமீற்றர், ஏ9இலை 16. 1800: ரவுணிலை 9.5, ஏ9இலை 14.5.

இணுவில் அண்ணை வருசத்துக்கு ஊருக்குள்ளை 8000 கிலோமீற்றர் ஓடுவார் எண்டு வையுங்கோ. கொழும்புக்கு ஆறு தரம், போய்வர 800 எண்டால் 4800. 1500க்கு 1027 லீற்றர் முடியும். 1800க்கு 1173. வித்தியாசம் 146 லீற்றர். லீற்றர் 300 ரூபா எண்டு கணக்குக்கு எடுத்தால் வருசத்துக்கு 43,800 ரூபா, மாசத்துக்கு 3,650. அது சின்னக் காசு இல்லை, அதே நேரம் ஒரு குடும்பத்தை விழுத்திற காசும் இல்லை. முடிவு உங்கடை கையிலை.

இன்னொண்டும் விளங்கோணும். இஞ்சை 1000, 1500 எண்டு கார் நிறைஞ்சு கிடக்கிறதுக்கு எஞ்சினியர் காரணம் இல்லை, வரிதான் காரணம். உற்பத்தி வரி 1000, 1300, 1500, 1600, 1800 எண்டு படி படியா ஏறுது. ஒரு படி தாண்டினால் ஒவ்வொரு சிசிக்கும் கூடக் கட்டோணும். ஆனபடியால் கொண்டு வாறவை படிக்குக் கீழை நிக்கிற காரைத்தான் கொண்டு வந்தவை. எல்லாரும் 1500 வைச்சிருக்கினம், அதாலை 1500தான் அளவான எஞ்சின் எண்டு நாங்களும் பழகிட்டம். வரிக்கு அளவானது உங்கடை அம்மாவின்ரை பயணத்துக்கு அளவானதோ எண்டதைத் தனியத்தான் பாக்கோணும்.


மானிப்பாய் தம்பி
ஞாயிறு, காலை 10.30

பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேந்த ஹைபிரிட் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே? நான் அக்சியோ ஹைபிரிட் வைச்சிருக்கிறன். அதுவும் 1500தான். ரவுணுக்குள்ளை லீற்றருக்கு 20 கிலோமீற்றர் போகுது. மோட்டர் சேந்து இழுக்கிறதாலை புறப்படேக்கை இழுவையும் நல்லம்.


கல்வியங்காடு கராச்
ஞாயிறு, பகல் 1.45

தம்பி சொல்லுறது உண்மை, நிண்டு நிண்டு ஓடுற ரவுண் ஓட்டத்துக்கு ஹைபிரிட்டைப்போல ஒண்டும் இல்லை. பிறேக் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் பற்றரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்புது. ஆனால் ஆனையிறவு தாண்டி ஒரே சீரா ஓடேக்கை பிறேக் எங்கை பிடிக்கிறது? அங்கை லாபம் குறையும்.

பற்றரி பின் சீற்றுக்குக் கீழை. அதுக்குக் காத்து இழுக்கிற துவாரம் சீற்றுக்குப் பக்கத்திலை இருக்கு. உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஓடுற காரிலை அந்தத் துவாரத்திலை இருக்கிற தூசி வடியைக் கழட்டிப் பாத்தால் செம்மண் தூசி கம்பளி மாதிரிப் படிஞ்சு கிடக்கும். போன மாசம் ஒண்டு வந்தது, பின் சீற்றிலை வழமையா அரிசிப் பை வைக்கிறவை, பை துவாரத்தை மூடிக்கொண்டு நிண்டிருக்கு. பற்றரி வெந்துபோச்சு. மானிப்பாய் தம்பி, நீங்களும் இண்டைக்கே ஒருக்கா அதைக் கழட்டிப் பாருங்கோ.


மானிப்பாய் தம்பி
ஞாயிறு, பின்னேரம் 4.10

கழட்டிப் பாத்தன் அண்ணை. நீங்கள் சொன்ன மாதிரியே. பிறஷ்ஷாலை துப்புரவாக்கிப் போட்டன். நன்றி.


சாவகச்சேரி பேரன்
ஞாயிறு, இரவு 7.00

2022இலை வந்த பெற்றோல் தட்டுப்பாட்டை மறக்காதேங்கோ. கியூஆர் அட்டையிலை காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தவை. 20 லீற்றரிலை கொழும்புக்கு ஒருக்காப் போய்ச் சேரவே காணாது. நான் அண்டைக்குத்தான் சின்ன எஞ்சினுக்கு மாறினனான்.


ஏ9 ஓட்டுநர்
ஞாயிறு, இரவு 7.50

அந்த நாள் எனக்கும் வலி. ஆனால் அந்தக் கணக்கிலை 1500உம் கொழும்புக்குக் காணாது தானே தம்பி. 400 கிலோமீற்றருக்கு அதுக்கும் 25 லீற்றர் வேணும்.


நல்லூர் மருமகள்
திங்கள், காலை 6.20

நான் பதுளைப் பக்கம் கட்டினனான், வருசத்துக்கு ரெண்டு தரம் மலை ஏறுறம். இணுவில் அண்ணை பிள்ளையளை நுவரெலியா காட்டக் கூட்டிப் போற யோசனை இருந்தால் இதையும் கேளுங்கோ.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். மேலை காத்து ஐதாகும். டேர்போ இல்லாத எஞ்சின் அங்கை ஏறத்தாழ ஆறிலை ஒரு பங்கு வலுவை இழக்கும். கணக்குப் பாத்தால் 1800 அங்கை 1500 மாதிரி, 1500 அங்கை 1250 மாதிரி. றம்பொடை வளைவுகளிலை எங்கடை பழைய 1300ஐ ஏத்தேக்கை ஏசியை நிப்பாட்டிப் போட்டுத்தான் ஏறினம். டேர்போ காத்தை அமுக்கி உள்ளை விடுறதாலை அதுக்கு இந்தப் பாதிப்புக் குறைவு.

ஏறுறதைவிட இறங்கிறதுதான் கவனம். சிவிரி எண்டுற தானா மாறுற கியர் காரிலை கீழ் நிலைக்கு மாத்தி எஞ்சினாலை பிடிச்சுக்கொண்டு இறங்கோணும். பிறேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியிலை கருகின மணம் வரும்.


ஏ9 ஓட்டுநர்
திங்கள், காலை 7.05

இணுவில் அண்ணை, ஒரேயொரு யோசனை சொல்லுறன். கார் பாக்கப் போகேக்கை தனியப் போகாதேங்கோ. வீட்டு ஆக்கள் அஞ்சு பேரையும் ஏத்துங்கோ, ஏசியைப் போடுங்கோ, ஆனையிறவு மட்டும் ஓடிப் பாருங்கோ. விக்கிற ஆள் சந்திக்குச் சந்தி ஓடிக் காட்டுற அஞ்சு நிமிசத்திலை எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்.


இணுவில் தகப்பன்
அடுத்த ஞாயிறு, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே செய்தன்.

முதல் 1500. அம்மா முன் சீற்றிலை, மற்றவை பின்னாலை, டிக்கியிலை ரெண்டு அரிசி மூட்டை. கொடிகாமம் தாண்டி ஒரு உழவு இயந்திரத்தை முந்த மிதிச்சன். சுத்துக் காட்டுற ஊசி 5000ஐத் தொட்டுது, சத்தம் பெரிசாக் கேட்டுது, கார் ஆறுதலாத்தான் ஏறினது. முந்திட்டம், ஆபத்து ஒண்டும் இல்லை. ஆனால் அம்மா கதவுக் கைபிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. மகள் பின்னாலையிருந்து அதைப் பாத்திட்டு என்ரை தோளிலை தட்டினவள்.

ரெண்டாவது 1800, அதே பாதை, அதே மூட்டை. 3500 சுத்திலை முந்தி முடிஞ்சுது. அம்மா மகனோடை கதைச்சுக்கொண்டு இருந்தவ, கதை நிக்கேல்லை. எனக்கு அதிலையே முடிவு வந்திட்டுது.

ஆனால் அந்த 1800ஐ எடுக்கேல்லை. கராச் அண்ணை வந்து ஆறின எஞ்சினிலை றேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டார். விரலிலை வெள்ளையாச் சுண்ணாம்பும் துருவும். கிணத்துத் தண்ணி ஊத்தி ஊத்தி ஓடியிருக்கினம். மீற்றரிலை 80,000 எண்டு காட்டுது, பிறேக் பெடலின்ரை றப்பர் மழுங்கிக் கிடக்கு, ஸ்ரியரிங் பளபளக்குது. மீற்றர் காட்டுறதைவிடக் கூட ஓடின கார் போல. அண்ணை தலையாட்டினார், வந்திட்டம்.


கல்வியங்காடு கராச்
அடுத்த ஞாயிறு, இரவு 9.15

யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாறது. கேத்திலிலை எப்பிடிப் படியுதோ அப்பிடித்தான் றேடியேற்றரிலையும் எஞ்சினுக்குள்ளையும் படியும். வழி அடைஞ்சால் சூடு வெளியிலை போகாது, எஞ்சினின்ரை மேல் பாகமான ஹெட் வளையும். அந்தக் காரை நல்ல விலைக்குத் தந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டன். பொறுங்கோ, நல்லது வரும்.


இணுவில் தகப்பன்
ஆறு கிழமைக்குப் பிறகு, வெள்ளி, இரவு 10.20

எடுத்திட்டம். 2013 பிறீமியோ 1800, ஒரு ஓய்வுபெற்ற ஐயா வைச்சிருந்தவர். ஒவ்வொரு ஒயில் மாத்தின பற்றுச்சீட்டும் பைலிலை ஒழுங்கா அடுக்கி வைச்சிருந்தவர். 1500ஐவிட விலை கூட, மனுசியின்ரை சீட்டுக் காசும் சேந்துதான் கட்டினம்.

நேற்று அம்மாவின்ரை கிளினிக்குக்குப் போய் வந்தம். முறிகண்டியிலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, அதை முடிக்க முதல் அம்மா நித்திரையாகிட்டா. வவுனியா தாண்டித்தான் முழிச்சவ. போய்வர 806 கிலோமீற்றர், 57 லீற்றர். நீர்வேலி அக்காவின்ரை கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரி.

அண்ணை, றேடியேற்றருக்கு ஊத்துற கூலன்ற் எப்ப மாத்தோணும்?


கல்வியங்காடு கராச்
சனி, காலை 7.10

முந்தி என்ன ஊத்தினவை எண்டு தெரியாதபடியால் இப்ப ஒருக்கா முழுசா இறக்கி, கழுவி, ரொயோட்டாவுக்கு எண்டு வாற கூலன்ற்றையே ஊத்துவம். திங்கள் காலமை எஞ்சின் ஆறிக் கிடக்கேக்கை கொண்டு வாங்கோ. மாத்தின திகதியை ஒரு துண்டிலை எழுதி பொனற்றுக்குள்ளை ஒட்டிவிடுறன். வழியிலை தண்ணி குறைஞ்சால் ஊத்த, டிக்கியிலை ஒரு போத்தல் கூலன்ற் வைச்சுக்கொள்ளுங்கோ, கிணத்துப் பக்கம் போகாதேங்கோ.